ரெக்கார்டரை அழுத்துவதற்கு முன்னால்: ஆண்களின் வன்முறையை ஆய்வு செய்ய வருபவர்களுக்கு

1990களில் நிகராகுவாவில் மூன்று ஆய்வுகள் நடந்தன. மூன்றும் பெண்களிடம் கேட்டது கிட்டத்தட்ட ஒன்றைத்தான்: உங்கள் கணவரோ துணைவரோ எப்போதாவது உங்களை அடித்திருக்கிறாரா? லியோன் நகரில் 52% பெண்கள் ஆமாம் என்றார்கள். மனாகுவாவில் 69%. சில ஆண்டுகள் கழித்து நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் அது 28%.

இடைப்பட்ட காலத்தில் அந்த நாட்டு ஆண்கள் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நம்பவில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, கேட்ட விதம்தான் வேறு. முதல் இரண்டும் வன்முறையை மட்டுமே கேட்கப் போன சிறிய ஆய்வுகள். மூன்றாவது மிகப் பெரியது. பிரசவம், தடுப்பூசி, கருத்தடை என்று போகும் நீண்ட கேள்வித்தாளின் நடுவே இதுவும் ஒரு பகுதி. பல பெண்கள் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் இந்த மூன்று எண்களைத்தான் எழுதிக் காட்டுவேன். நம் கைக்கு வரும் எண் நடந்த வன்முறையின் அளவு அல்ல. நம்மிடம் சொல்லலாம் என்று அவள் துணிந்த அளவு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதல் படி: எதை அளக்கிறீர்கள்?

‘பெண்கள் மீதான வன்முறை’ என்று தலைப்பு வைத்துவிட்டுக் களத்துக்குப் போகாதீர்கள். யார் செய்தது? கணவரா, முன்னாள் துணைவரா, அண்ணனா, மேலதிகாரியா, முகம் தெரியாதவரா? எந்தக் காலம்? வாழ்நாள் முழுதுமா, கடந்த 12 மாதமா? அடி மட்டுமா, பாலியல் வற்புறுத்தலும் உண்டா, பணத்தைப் பிடுங்குவது, போனைத் துழாவுவது, வெளியே போகவிடாமல் தடுப்பது? ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ‘மூன்றில் ஒரு பெண்’ என்று சொல்கிறதே, அதுகூட துணைவரின் உடல், பாலியல் வன்முறையையும் துணைவர் அல்லாதவரின் பாலியல் வன்முறையையும் சேர்த்த கணக்கு. மேற்கோள் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

இதில் ஒரு பழைய சண்டை இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1979இல் மர்ரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். தள்ளியது, அறைந்தது, உதைத்தது என்று செயல்களை எண்ணும் முறை. அதை வைத்து எண்ணியவர்கள் சிலர், ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகத்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள். சமூகவியலாளர்களான ரெபெக்கா டோபாஷும் ரஸ்ஸல் டோபாஷும் கடுமையாக மறுத்தார்கள்: யார் தொடங்கியது, யாருக்கு எலும்பு முறிந்தது, யார் யாரைக் கண்டு நடுங்கினார் என்று கேட்காமல் அடியை மட்டும் எண்ணினால் என்ன தெரியும்? 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர், இரண்டு தரப்பும் வேறு வேறு வன்முறையைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்றார். வாக்குவாதம் முற்றி வெடிக்கும் அடி ஒன்று. மனைவியைக் கைக்குள் வைத்திருக்கவே திட்டம்போல நடக்கும் அடி இன்னொன்று. பொதுச் சர்வேயில் முதலாவது அதிகம் தெரியும், பெண்கள் காப்பகத்தில் இரண்டாவது.

ஆகவே செயலை எண்ணுங்கள், அதோடு நிற்காதீர்கள். பயம், காயம், கட்டுப்பாடு மூன்றையும் கேளுங்கள். நான் எந்தக் கேள்வித்தாளைத் திருத்தினாலும் ‘அவருக்குப் பயந்து நீங்கள் செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா?’ என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் விடுவதில்லை. ஒருநாளும் அடி வாங்காத பெண்கள்கூட அதற்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: உதவிப் பட்டியல்

கேள்வித்தாளுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அவள் வாய் திறந்த பிறகு போக ஓர் இடம் வேண்டும்: காப்பகம், சட்ட உதவி, மருத்துவர், ஆலோசகர். எங்களுக்கு முதல் ஆய்வில் ஓர் அலுவலகம் அச்சடித்த பட்டியலைத் தந்தது. அழகான பட்டியல். களத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் எடுக்கவே இல்லை. ஒன்றில் ஒரு தச்சர் பேசினார். அந்த எண் அவருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

நீங்களே அழையுங்கள். இரவிலும் அழைத்துப் பாருங்கள். பட்டியலை எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். ‘குடும்ப வன்முறை உதவி மையம்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட தாளை அவள் வீட்டில் எங்கே ஒளிப்பாள்? மருத்துவமனை, பள்ளி எண்களோடு கலந்து, சின்ன அட்டையாக, எல்லாப் பெண்களுக்கும் ஒரேமாதிரி கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாம் படி: பெயர் சொல்லாமல் செயலைக் கேளுங்கள்

‘உங்கள் கணவர் உங்களைக் கொடுமைப்படுத்துவாரா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘அப்படியெல்லாம் இல்லைங்க’ என்று வரும். பொய் இல்லை அது. கொடுமை என்ற சொல்லுக்குள் தன் வாழ்க்கையை அவள் வைத்துப் பார்த்ததில்லை. ‘எப்போதாவது உங்களை அறைந்தது, அல்லது காயப்படுத்தும்படி எதையாவது தூக்கி எறிந்தது உண்டா?’, ‘தள்ளியது, முடியைப் பிடித்து இழுத்தது உண்டா?’, ‘கழுத்தை நெரித்தது உண்டா?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போது, எத்தனை முறை. நான்காவது கேள்விக்கு ஆமாம் என்றவர் திரும்பி வந்து முதல் கேள்விக்கான பதிலை மாற்றுவார். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இதை அழுத்தமாகக் காட்டியது அமெரிக்க உளவியலாளர் மேரி காஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. 32 கல்வி நிறுவனங்களில் ஆறாயிரத்துக்கும் அதிகமான மாணவ மாணவியர். ‘வல்லுறவு’ என்ற சொல்லை வைத்துக் கேட்காமல், நடந்ததை விவரித்துக் கேட்டார். சட்டப்படி வல்லுறவு என்றே சொல்லத்தக்க அனுபவம் உள்ள பெண்களில் 27% பேர்தான் அதை அந்தப் பெயரால் அழைத்தார்கள். மீதிப் பேரை ‘நீங்கள் வல்லுறவுக்கு ஆளானீர்களா?’ என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் வந்திருக்கும்.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். எடுத்த எடுப்பில் இதைத் தொடக்கூடாது. உடல்நலம், வேலை, வீடு என்று பேசிப் பழகியபின், வன்முறைப் பகுதிக்கு முன்பாக ஒருமுறை நின்று, இனி வருவது சங்கடமான கேள்விகள், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று மறுபடி சம்மதம் கேளுங்கள். வாயால் சொல்லவே முடியாத விஷயத்துக்கு வேறு வழி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில் பேட்டியின் முடிவில் ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒரு சிரித்த முகம், ஓர் அழுத முகம். பதினைந்து வயதுக்குள் யாராவது பாலியல் ரீதியாகத் தொட்டிருந்தால் அழுத முகத்தைக் குறித்து மூடிக் கொடுத்துவிடலாம். கேட்டவருக்கே பதில் தெரியாது. நேரில் சொன்னவர்களைவிட அட்டையில் குறித்தவர்கள் பல இடங்களில் அதிகம்.

நான்காம் படி: அவள் வீட்டு வாசலில்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மற்ற ஆய்வுகளில் தவறு நடந்தால் தரவு கெடும். இங்கே அன்று இரவு ஒருத்தி அடி வாங்குவாள்.

2001இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பு, நெறிமுறைப் பரிந்துரைகள்தான் இன்றும் அடிப்படை. ஆய்வுக்கு வெளியே சொல்லும் பெயர் ‘பெண்கள் உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும்’ என்பதுபோல இருக்கட்டும். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாமவரிடமும் கேட்டால் என்ன கேட்டோம் என்பது அந்த வீட்டுக்குள் பேச்சாகிவிடும். ஆண்களிடமும் கேட்கும் ஆய்வாக இருந்தால் அந்த ஆண்களை வேறு பகுதியில் தேர்ந்தெடுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை பக்கத்தில் இருக்கக்கூடாது. குழந்தைகள் கேட்டதை அப்படியே அப்பாவிடம் ஒப்பிக்கும்.

கையில் எப்போதும் ஒரு போலிக் கேள்வித்தாள் இருக்கட்டும். என் இரண்டாவது பேட்டியிலேயே அது தேவைப்பட்டது. கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தோம். அந்தப் பெண் தன் தோள்பட்டை இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்தபடி. வெளியே செருப்புச் சத்தம். பக்கத்தைத் திருப்பி, ‘சின்னவருக்கு எத்தனை மாசத்துல தடுப்பூசி போட்டீங்க?’ என்றேன். கண் இமைக்காமல், ‘ஒன்பதாவது மாசம்’ என்றார். கணவர் கதவில் சாய்ந்து நின்று நாலு கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்ணே தெளிவாகப் பதில் சொன்னார், நான் சொல்லிக்கொடுக்காத பதில்கள். கணவர் போனதும் மணிக்கட்டைப் பிடித்த கையை எடுத்துவிட்டு, ‘எங்க விட்டோம்?’ என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டது: ஆபத்தைக் கணிக்கும் திறமை அவர்களிடம் நம்மைவிட அதிகம். எங்கே பேசலாம், எப்போது நிறுத்தலாம், போனில் கூப்பிடலாமா கூடாதா என்று அவர்களையே கேளுங்கள். இடையில் யாராவது வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பேட்டிக்கு முன்பே அவர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருக்கவில்லை. என்னைக் காப்பாற்றியது அவருடைய சாமர்த்தியம்.

தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியைக் கேட்காமல் வந்துவிடுங்கள். காலி விடையை நிரப்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர் அழுத்தம் கொடுத்தால் அவரோடு சண்டை போடுங்கள்.

ஐந்தாம் படி: கேட்கப்போகிறவர்கள்

பேட்டி எடுப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும் என்று பட்ஜெட்டில் எழுதும் பழக்கம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் மூன்று வாரம் கொடுத்தார்கள். பத்து நாடுகள், இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அந்த ஆய்வில் துணைவரால் அடிபட்டதைச் சொன்ன பெண்களில், இடத்தைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரு பங்கு வரை, அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட இல்லை. முதல்முறை கேட்கும் காது உங்கள் குழுவைச் சேர்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணுடையது. அவளைத் தயார்படுத்தாமல் அனுப்பாதீர்கள்.

பயிற்சியில் தொழில்நுட்பம் பாதி. மீதி, அவரவர் மனதில் கிடப்பதை வெளியே எடுப்பது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழியைப் பலகையில் எழுதி, யாருக்கு உடன்பாடு என்று கேட்பேன். முதல் நாள் பாதிக் கை உயரும். அதைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. அந்தப் பழமொழியை நம்பும் முகத்தோடு ஒருத்தி எதிரில் உட்கார்ந்தால் அடிபட்டவள் எப்படிப் பேசுவாள் என்று அவர்களையே நடித்துப் பார்க்கச் சொல்வேன்.

குழுவிலேயே வன்முறையைக் கடந்து வந்தவர்கள் இருப்பார்கள். பயிற்சியின் நடுவில் ஒருவர் வெளியே எழுந்து போவார். அவர் திரும்பி வரவும், வராமல் இருக்கவும், சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாறவும் வழி வைத்திருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேட்டி என்று உச்சவரம்பு வையுங்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், தரவைப் பற்றி அல்லாமல்.

ஆறாம் படி: ஆண்களிடம் கேட்பது

வன்முறை செய்பவர்களிடம் கேட்காமல் வன்முறையைப் புரிந்துகொள்ள முடியாது. இது தாமதமாகத்தான் நம் துறைக்கு உறைத்தது. ஆசிய, பசிபிக் பகுதியில் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் ஆறு நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான ஆண்களிடம் கேட்டார்கள். பாலியல் கேள்விகளை மனிதர் கேட்கவில்லை. காதில் ஒலிப்பதிவு, கையில் சிறிய கருவி, பதிலை அவரே அழுத்துவார். ‘வல்லுறவு’ என்ற சொல் கேள்வியில் இல்லை. ஏறக்குறைய நான்கில் ஓர் ஆண், ஏதாவது ஒரு பெண்ணை வல்லுறவு செய்ததற்குச் சமமான பதிலை அழுத்தினார். ஏன் என்ற கேள்விக்கு அதிகம் பேர் தேர்ந்தெடுத்த காரணம், பெண் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் தனக்கு அந்த உரிமை உண்டு என்கிற எண்ணம். கோபமும் குடியும் அதற்குக் கீழேதான்.

நேருக்கு நேர் பேட்டி வேறு ரகம். அதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு நடுவயதுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். ‘அன்னைக்கு ஒரு சின்ன சண்டைங்க. பேச்சு முத்திடுச்சு. கை பட்டுடுச்சு. அவ கீழ விழுந்துட்டா.’ நான் ‘ம்ம்’ என்றேன். பேச்சு நின்றுவிடக்கூடாதே என்ற கவலை. பிறகு பதிவைக் கேட்டு எழுதும்போது எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் அறுபத்தோரு ‘ம்ம்’. பாதிக்கு மேல் அவர் மனைவியைக் குறை சொன்ன இடங்களில். போதாததற்கு இரண்டு ‘புரியுதுங்க’. என் குரலை அந்தப் பெண் கேட்டிருந்தால் நான் யார் பக்கம் என்று நினைத்திருப்பார்?

அவருடைய தமிழையும் பாருங்கள். சண்டை வந்தது, பேச்சு முத்தியது, கை பட்டது, அவள் விழுந்தாள். நான்கு வாக்கியம். அடித்தவர் எதிலும் இல்லை. ‘கை நீட்டிட்டேன்’ என்பவர் கொஞ்சம் பரவாயில்லை, கடைசியில் வரும் ‘-ஏன்’ விகுதியிலாவது ‘நான்’ என்று ஓர் ஆள் இருக்கிறார்.

‘ஏன் அடித்தீர்கள்?’ என்று கேட்டால் வருவது காரணம் இல்லை, சமாதானம். தன்னை மறந்துவிட்டேன், குடி, வேலை நெருக்கடி, அவளுடைய வாய். இரண்டாம் பேட்டிக்கு நான் வேறு கேள்விகளோடு போனேன். நீங்க எங்க நின்னீங்க? அவங்க? கதவு எந்தப் பக்கம்? அவர் கண்ணை மூடி யோசித்து, ‘கதவ நான் முன்னாடியே சாத்திட்டேன், பக்கத்துல கேக்கும்ல’ என்றார். கை தானாகப் பட்டதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. நான் வாதாடவில்லை, குறித்துக்கொண்டேன். மேலதிகாரி மேல் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் இதேபோல வேலை செய்யும். அங்கே யாருக்கும் கை படுவதில்லை.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ன ஆளைக் கொல்வேன் என்று நாள் குறித்துப் பேசினால் உங்களால் சும்மா இருக்க முடியாது. என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள் என்பதை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவையுங்கள். உங்கள் வீட்டு முகவரி, சொந்த எண் எதுவும் அவர் கைக்குப் போகக்கூடாது.

ஆண் திருந்தியதாகச் சொல்லும் எந்த ஆய்வையும் அவர் வாக்குமூலத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அவரோடு வாழ்கிற அல்லது வாழ்ந்த பெண்ணிடம், தனியாக, அந்தப் பெண்ணுக்கு ஆபத்தில்லாத வழியில் கேட்க முடிந்தால் மட்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

ஏழாம் படி: எழுதும்போது

எண் கூடினால் வன்முறை கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் எடுத்து 2014இல் வெளியான சர்வேயில், 15 வயதுக்குப் பின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் டென்மார்க்கில் 52%, போலந்தில் 19%. டென்மார்க்தான் மோசமான நாடு என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் உண்டு. வெளியே பேசுவது எங்கே எளிது என்ற கேள்வியைச் சேர்க்காமல் இந்த வரிசையைப் படிக்கவே கூடாது. போலீஸ் புகார்களின் கதையும் அதுதான். கொலை மட்டுமே ஓரளவு மறைக்க முடியாதது. 2023இல் உலகம் முழுக்க 51,100 பெண்களையும் சிறுமிகளையும் அவர்களுடைய துணைவரோ குடும்பத்தாரோ கொன்றதாக ஐநா மதிப்பிட்டது. அதிலும் பல நாடுகளின் பதிவேட்டில் ‘கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு’ என்ற கட்டம் காலியாகவே கிடக்கிறது.

உங்கள் வாக்கியங்களையும் அந்த நடுவயதுக்காரரின் வாக்கியங்களைப் பார்த்ததுபோலப் பாருங்கள். ‘பெண்கள் வன்முறைக்கு ஆளாகிறார்கள்’ என்று நூறு பக்கம் எழுதிவிடலாம், ஓர் ஆண்கூட எட்டிப் பார்க்காமல். ‘கணவர் அடித்தார்’ என்று தெரிந்த இடத்தில் அப்படியே எழுதுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. மூன்று பெண் பிள்ளைகள், தையல் வேலை, இடது காலில் தழும்பு என்று எழுதினால் அவள் தெருவில் எல்லோருக்கும் ஆள் தெரியும். விவரத்தைக் குறையுங்கள். ஒலிப்பதிவுகளைப் பூட்டிவையுங்கள், சொன்ன தேதியில் அழியுங்கள்.

ஒரு விஷயம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் போதுமான அளவு இல்லை. பேட்டி முடியும், நன்றி சொல்வீர்கள், ரெக்கார்டரை அணைப்பீர்கள், பையை எடுப்பீர்கள். அப்போதுதான், வாசல்படியில் வைத்து, அவர் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்வார். உட்காருங்கள். கேளுங்கள். அது இன்னும் உங்கள் தரவு இல்லை. அவர் முடித்தபின், இதையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டை மூடியே வைத்திருங்கள், அறிக்கைக்கு அதுதான் மிக நல்ல பகுதியாக இருந்திருக்கும் என்றாலும்.